விழுந்தது விமானத்தின் வயதாலா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் ஜங்கர்ஸ் ஜூ 52 என்ற பழைய ஜெர்மன் விமானம் பற்றி அரைப்பக்கக் கட்டுரை வந்திருந்தது. பழைய இரும்புக் கடைக்குப் போக வேண்டியதைப் பறக்கவிட்டால் இதுதான் கதி, மிச்சமிருப்பதையாவது கண்ணாடிக்குள் பூட்டிவையுங்கள் என்று முடித்திருந்தார் கட்டுரையாளர். இருபது பேர் இறந்த விபத்தை ஒரே வரியில் விளக்கிவிட்ட சாமர்த்தியத்தைப் பாராட்டத்தான் வேண்டும். சுவிட்சர்லாந்தின் விபத்துப் புலனாய்வு வாரியத்துக்கு இதற்கு ஏறக்குறைய இரண்டரை ஆண்டு பிடித்தது. அவர்கள் கண்டது வேறு.

2018 ஆகஸ்ட் 4 அன்று சுவிட்சர்லாந்தின் லோகார்னோவிலிருந்து அதே நாட்டு டூபென்டார்ஃபுக்குக் கிளம்பிய, எச்பி-எச்ஓடி என்ற பதிவெண் கொண்ட ஜூ 52, பிட்ஸ் செக்னாஸ் சிகரத்தின் கீழே ஏறத்தாழ 2,500 மீட்டர் உயரத்தில் விழுந்ததும், 17 பயணிகளும் 3 ஊழியர்களும் இறந்ததும் தாங்கள் அறிந்ததே. 2021 ஜனவரியில் வெளியான இறுதி அறிக்கையையும் படித்திருப்பீர்கள். விமானிகள் குறுகிய பள்ளத்தாக்குக்குள், திரும்பி வர வழியில்லாத தாழ்வில், வேகமும் போதாமல் பறந்தார்கள். காற்றுச் சுழலில் கட்டுப்பாடு போயிற்று. மலைப் பறப்பின் பாலபாடம் இது: பள்ளத்தாக்கின் ஒரு ஓரத்தை ஒட்டிப் போய், திரும்புவதற்கு மறுபக்க அகலம் முழுவதையும் வைத்துக்கொள்ள வேண்டும். முகட்டை நேருக்கு நேராக நெருங்காமல் 45 பாகைக் கோணத்தில் நெருங்க வேண்டும். இடம் போதாமல் இறக்கையைச் சாய்த்துத் திருப்பினால் ஸ்டால் வேகம், அதாவது எதற்குக் கீழே போனால் இறக்கை விமானத்தைத் தாங்காதோ அந்த வேகம், ஏறும். 30 பாகைச் சாய்வில் 7 சதவீதம், 60 பாகையில் 41 சதவீதம். புது விமானத்துக்கும் இதே கணக்குதான்.

இதோடு எடைக் கணக்கும் சேர்ந்தது. கணக்குப் போட்ட மென்பொருளிலேயே பிழை. எடை மையம் அனுமதித்த பின் எல்லையைத் தாண்டியிருந்தது. பின்பாரம் கூடினால் மூக்கு எளிதில் மேலே தூக்கிக்கொள்ளும், ஸ்டாலிலிருந்து மீள்வது சிரமமாகும், அதற்கு உயரமும் கூடுதலாக வேண்டும். அந்த உயரந்தான் அவர்களிடம் இல்லை. மேற்பார்க்க வேண்டிய அரசுத் துறை கண்டும் காணாமல் இருந்ததையும் அறிக்கை சொல்லாமல் விடவில்லை. நமக்கென்ன, விமானம் கிழடு. முடிந்தது.

சிதைவுகளில் உலோக அரிப்பு இருந்ததே என்று கட்டுரையாளர் கேட்கலாம். இருந்தது. இறக்கையைத் தாங்கும் உத்திரங்களான ஸ்பார்களிலும் அவற்றின் பிடிப்புகளிலும் கடுமையான அரிப்பும் விரிசலும் கண்டார்கள். அவை விபத்துக்குக் காரணமல்ல என்றும் அதே அறிக்கை சொல்கிறது. ஆனால் 2018 நவம்பரில் மற்ற இரண்டு சுவிஸ் ஜூ 52 விமானங்களும் தரையில் நிறுத்தப்பட்டது அந்த அரிப்பினால்தான். உண்மையில் எழுதியிருக்க வேண்டிய விஷயம் இது. கட்டுரையில் ஒரு சொல் இல்லை.

ஜூ 52 இறக்கைக்குள் இருப்பவை டியூராலுமின் என்ற அலுமினியக் கலவையாலான குழாய் ஸ்பார்கள். (ஆம், அது இரும்பே அல்ல.) மேலே நெளிதகடு போர்த்தியிருக்கும். குழாயின் உட்புறம் கண்ணுக்குத் தெரியாது. ஈரம் உள்ளே போனால் வெளியேறாது. எஃகுப் பிடிப்பு அலுமினியத்தைத் தொடும் இடத்தில் அரிப்பு இன்னும் வேகம். டியூராலுமின் அரிக்கும்போது உலோகத் துகள்களின் எல்லையோரமாகவே உள்ளே இறங்கும், மேலே பெயின்ட் பளபளக்கும். துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் எதுவும் அகப்படாது. இறக்கையைக் கழற்ற வேண்டும். தகட்டைப் பிணைக்கும் ரிவெட் ஆணிகளின் தலைகளைத் துளைத்தெடுத்துத் தகட்டைத் திறக்க வேண்டும். உளி போட்டால் துளை நீள்வட்டமாகி, விரிசல் அங்கேயே தொடங்கும். குழாய்க்குள் போர்ஸ்கோப் என்ற உள்நோக்கிக் கருவியை விட வேண்டும், ஒவ்வொரு துளையைச் சுற்றியும் மறைந்த விரிசலை மின்சுழலால் கண்டறியும் எடி கரன்ட் சோதனை செய்ய வேண்டும்.

பிறகுதான் செலவு. அந்த அளவுக் குழாய் எந்தக் கிடங்கிலும் இல்லை. நெளிதகட்டுக்கு உருளை அச்சு தனியாகச் செய்ய வேண்டும். 2024 என்ற எண்ணுள்ள அலுமினியக் கலவை ரிவெட்டைச் சூடேற்றி நீரில் தணித்ததும் நிமிடக் கணக்கில் அடித்து முடிக்க வேண்டும், இல்லையென்றால் உறைபெட்டியில் வைக்க வேண்டும். இறுகிய பிறகு அடித்தால் தலை வெடிக்கும். வரைபடம் கேட்டு எழுத உற்பத்தியாளரும் இல்லை. இத்தனையும் செய்ய முடியும். ஜெர்மன் விமான நிறுவனமான லுஃப்தான்சாவின் ஜூ 52 விமானத்தில் 2015இல் ஸ்பார் விரிசல் தெரிந்ததும் பறப்பதை நிறுத்திப் புது ஸ்பார் செய்து போட்டார்கள். 1936இல் கட்டிய விமானம் அது. 2019இல் அது ஓய்ந்தது பணம் தருவதை நிறுவனம் நிறுத்தியதால், விழுந்ததால் அல்ல.

பூட்டிவைத்தால் பத்திரம் என்பதும் பிரமை. கண்ணாடிக்குள் வைத்தாலும் குழாய்க்குள் இருக்கும் ஈரம் வேலையை நிறுத்தாது. பறக்கும் விமானத்தையாவது ஆண்டுதோறும் யாராவது திறந்து பார்ப்பார்கள்.

ஒன்றுமட்டும் என்றால் பொறுத்திருப்பேன். இந்த விபத்து நடந்த வாரமே "கருப்புப் பெட்டியைத் தேடும் பணி தீவிரம்" என்று போட்டீர்கள். அந்த விமானத்தில் அப்படியொரு பெட்டியே கிடையாது. எந்த விமானம் விழுந்தாலும் முதல் நாளே "எஞ்சின் கோளாறு" என்று தீர்ப்பெழுதுவது உங்கள் நாளிதழின் வழக்கம். இப்போது ஜூ 52 என்று பெயர் போட்டு டக்கோட்டா என்ற வேறொரு பழைய விமானத்தின் படத்தை அச்சிட்டிருக்கிறீர்கள். ஜூ 52க்கு மூன்று எஞ்சின், டக்கோட்டாவுக்கு இரண்டு. இதற்கு விமானவியல் வேண்டாம், எண்ணத் தெரிந்தால் போதும். அதிலும் நம் விமானப்படை 2018 மே மாதம் 'பரசுராமா' என்று பெயரிட்டு ஏற்றுக்கொண்ட டக்கோட்டாவை நீங்களே முதல் பக்கத்தில் வண்ணத்தில் போட்டீர்கள். புதுப்பித்துப் பறந்து வந்த கிழட்டு விமானந்தான் அதுவும். அன்று அதைப் பெருமை என்று எழுதினீர்கள்.

இக்கடிதம் முழுவதற்கும் உங்களிடம் இடமிருக்காது என்பது தெரியும். படம் டக்கோட்டாவுடையது என்ற திருத்தமும், அரிப்பு விபத்துக்குக் காரணமல்ல என்று இறுதி அறிக்கை சொல்வதாக ஒரு வரியும் போட்டால் போதும். ராசிபலனுக்குக் கீழே போட்டாலும் சரி.

இப்படிக்கு,
விமானப் பராமரிப்புப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற வாசகர்,
தாம்பரம்