முகம் பிடித்திருக்கிறது, குரலை எங்கே வைத்தீர்கள்?

ஜப்பானில் டொயோட்டா ஜி.ஆர்.86, சுபாரு பி.ஆர்.இசட் என்று இரண்டு பெயரில் வரும் இரட்டைப் பிள்ளை ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு உருவமும் ஓசையும் கொடுத்த பொறியியலாளர்களுக்கு,

வணக்கம். நானுஓயாவில் ஒரு சிறிய கராஜில் வாகனங்களுக்கு வயரிங் வேலை செய்பவன் நான். உங்கள் காரை வாங்கும் வசதி எனக்கு இந்தப் பிறவியில் இல்லை. எங்கள் நாட்டில் தீர்வை எஞ்சினின் கன அளவைப் பார்த்து விதிக்கப்படுகிறது, ஆகையால் அடுத்த பிறவியிலும் சந்தேகம்தான். வாங்காதவனுக்கு இதில் என்ன பேச்சு என்று நீங்கள் கேட்கலாம். வாங்காதவன் என்பதால்தான் எழுதுகிறேன். காரைச் சொந்தமாக்கிக்கொண்டவருக்கு அதன் இருக்கை, ஸ்டியரிங், தோல் வாசனை எல்லாம் கிடைக்கின்றன. வீதியோரத்தில் நிற்கிற எங்களுக்கு அதன் உருவமும் சத்தமும் மட்டுமே பங்கு. புதிய மாதிரியில் அந்தப் பங்கில் பாதி குறைந்துவிட்டது.

நான் பிறந்தது தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீட்டில். விடியற்காலையில் மலையில் கொழுந்து பறிப்பவர்களுக்குப் பனிமூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. ஆனால் துரையின் ஜீப் பங்களா வளைவில் கியர் மாற்றும் சத்தம் கேட்ட மாத்திரத்தில் கங்காணியின் குரல் ஏறும், சிரிப்புப் பேச்சு அடங்கும், கைகள் விறுவிறுக்கும். ஜீப் கண்ணில் படக் கால் மணி நேரம் ஆகலாம், படாமலே திரும்பியும் போகலாம். பிள்ளைகளாகிய எங்களுக்கும் அந்தக் காதுதான் வாய்த்தது. கீழே ஏறி வருவது ஹட்டன் பஸ்ஸா, உர லொறியா என்று பார்க்காமலே சொல்லிவிடுவோம். மலைநாட்டில் எந்த வண்டியும் முதலில் காதுக்கு வந்து, பிறகுதான் கண்ணுக்கு வரும். நடுவில் மூன்று வளைவும் ஒரு முகிலும் கிடக்கின்றன.

என் தாய்மாமா கொழுந்து லொறி ஓட்டியவர். ஏப்ரல் சீசனில் நுவரெலியா மாகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் பந்தயம் நடக்கும்போது என்னையும் அழைத்துப் போவார். 1930களிலிருந்து நடந்து வருகிற பந்தயம் அது. நல்ல இடம் பிடிக்க எல்லோரும் வளைவுக்கு முண்டியடிப்பார்கள். மாமா மட்டும் அதற்கு மேலே, வீதி சரியாகத் தெரியாத ஒரு கரையில், தேயிலைச் செடிகளுக்கு நடுவே குந்திக்கொள்வார். வெற்றிலையை மென்றபடி கண்ணை மூடிக்கொள்வார். "மினி வருகிறது. பாவம், இரண்டாவதில் போட்டு அலற விடுகிறான்." அடுத்தது ஒரு ஹொண்டா. அதற்கும் அடுத்து, அடிவாரத்தில் எங்கோ ஒரு கனத்த அதிர்வு எழும்பும். மாமா மெல்லுவதை நிறுத்துவார். "சுபாரு."

அந்தப் பழைய சுபாரு இம்ப்ரெசாவின் ஓசையை உங்களுக்கு நான் விளக்குவது கொல்லன் தெருவில் ஊசி விற்பது மாதிரி. இருந்தாலும் எங்கள் மொழியில் ஒரு முறை கேளுங்கள். எதிரெதிராகப் படுத்திருக்கும் நான்கு சிலிண்டர்கள். ஒரு பக்கத்துச் சிலிண்டர்களின் புகை, எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் டர்போவுக்கு வரும் குழாய் நீளம், மறுபக்கத்தது குட்டை. எனவே வெடிப்புகள் சம இடைவெளியில் வந்து சேர்வதில்லை. எங்கள் தோட்டங்களில் திருவிழாவுக்குத் தப்பு மேளம் அடிப்பவர் ஓர் அடியை வேண்டுமென்றே தள்ளிப் போடுவார், அந்தத் தள்ளலில்தான் கால் தானாக ஆடத் தொடங்கும். இம்ப்ரெசாவின் குழாய் செய்ததும் அதுவே. சீராக ஓடுவது இயந்திரத்துக்கு நல்லது என்று பின்பு நீங்கள் குழாய்களைச் சம நீளமாக்கினீர்கள். கணக்குப்படி சரி. மாமாவின் வாய் மெல்லுவதை நிறுத்தவில்லை, அவ்வளவுதான்.

இனி உருவம். இதில் எனக்கும் என் நண்பர்களுக்கும் ஓயாத சண்டை. 2021இல் புதிய 86 வந்தபோது எங்கள் நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தது. 2020 மார்ச்சில் மூடிய கதவு 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. ஆகவே ஏறக்குறைய ஐந்து ஆண்டுகள் நாங்கள் போன் திரையில் விரலளவு படத்தைப் பார்த்தே தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தோம். பின்விளக்கு ஹொண்டாவைப் பார்த்து எழுதியது என்றான் ஒருவன். பி.ஆர்.இசட்டின் முகம் இளிக்கிறது என்றான் இன்னொருவன். முந்தியதன் கூர்மை போய்க் கன்னம் உப்பிவிட்டது என்று நானே சொன்னேன்.

சென்ற சீசனில் நுவரெலியா கிரகரி வாவிக் கரையில் வெள்ளை நிறத்தில் ஒன்று நின்றது. சுற்றி வந்து பார்த்தேன், சொன்னதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். உப்பியதாகப் படத்தில் தெரிந்தது நேரில் தசையாக இருக்கிறது. பின்மூடியின் விளிம்பு வாத்து வால் போல லேசாக மேலெழும் இடத்தில் மழைத்துளிகள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. விளக்கு யாருடையதைப் போல இருந்தால் என்ன, அந்த விளிம்பு உங்களுடையது. முன் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும் காற்றுத் துவாரத்தில் விரலை விட்டுப் பார்த்தேன். உள்ளே போனது! பழைய பி.ஆர்.இசட்டில் அந்த இடத்தில் இருந்தது வெறும் பிளாஸ்டிக் வேஷம். பொய்த் துவாரத்தை மெய்யாக்கிய உங்கள் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும் என்று அப்போது தோன்றியது.

எஞ்சினுக்கும் ஒரு நன்றி. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. கொழும்பில் கிடைக்கும் காற்றில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இங்கே குறைவு. டர்போ இல்லாத எஞ்சின் இங்கு வந்ததும் ஆஸ்துமாக்காரனைப் போல இழுக்கும். நீங்கள் 2.0 லீற்றரை 2.4 ஆக்கினீர்கள், அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூட்டினீர்கள். மலை எடுப்பதும் நீங்கள் கொடுத்ததும் கிட்டத்தட்டச் சரிக்குச் சரி. புதிய 86 எங்கள் ஊரில் மூச்சு விடுவது பழைய 86 கொழும்புக் காலிமுகத்திடலில் விட்ட மூச்சுதான். (அந்தக் கூடுதல் கன அளவுக்கும் சேர்த்துத் தீர்வை கட்டுபவர் சிரிக்க மாட்டார்.) அதைவிடப் பெரியது, சக்கரத்தைத் திருப்பும் முறுக்குவிசை முழுதாக வந்து சேரும் இடம். முன்பு 205 நியூட்டன் மீற்றர், அதற்கும் நிமிடத்துக்கு 6,400 சுற்றுக்கு மேல் முறுக்க வேண்டும். இப்போது 250, அதுவும் 3,700 சுற்றிலேயே. றம்பொடை வளைவுகளில் இரண்டாவது கியரில் திரும்பி ஏறும்போது இந்த வித்தியாசம் காலடியில் தெரியும் என்று ஓட்டியவர்கள் சொல்கிறார்கள். கேட்டுக்கொண்டு நின்ற எனக்கே தெரிந்தது.

துவாரத்தை மெய்யாக்கிய நீங்களா குரலைப் பொய்யாக்கினீர்கள்? இதைத்தான் கேட்க உட்கார்ந்தேன். 2012இல் வந்த முதல் 86இலும் ஒரு தந்திரம் இருந்தது. எஞ்சின் உறிஞ்சும் காற்றின் துடிப்பை ஒரு குழாய் வழியாக ஓட்டுநரின் பக்கம் கொண்டு வந்தீர்கள். தந்திரம்தான், ஆனாலும் அந்தக் குழாயில் வந்தது அந்த எஞ்சினின் சொந்த மூச்சு. புதியதில் அந்த வேலையைக் காருக்குள் இருக்கும் ஸ்பீக்கர் செயற்கைச் சத்தம் கொடுத்துப் பார்க்கிறது.

அந்த வெள்ளைக் கார்க்காரரே இரண்டு நாள் கழித்து எங்கள் கராஜுக்கு வந்தார். அந்தச் சத்தம் செயற்கை என்று எங்கோ தெரிந்துகொண்டாராம், மனம் கசந்துவிட்டது. "தம்பி, அதைக் கழற்றிவிடுங்கள்" என்றார். டேஷ்போர்டுக்குள் கைவிட்டுத் தேடி, ஒரு சொக்கெட்டைப் பிடுங்கினேன். கட்டணம் வாங்குமளவு வேலையே இல்லை. ரதல்ல குறுக்கு வீதிப் பக்கம் போய் ஓட்டிப் பார்த்துவிட்டு வந்தவரின் முகம் தொங்கியிருந்தது. ஏதோ குறைகிறது, திரும்ப மாட்டிவிடுங்கள் என்றார். மாட்டினேன். மறுபடி ஓட்டினார், முகம் மலர்ந்தது, ஆனால் என்னை நிமிர்ந்து பார்க்கக் கூச்சப்பட்டார்.

எனக்கு அவர் மீது கோபம் இல்லை. ஆனால் அவர் இரண்டு தடவை ஓட்டியபோதும் நான் கராஜுக்கு மேலே உள்ள திருப்பத்தில் நின்று காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். சொக்கெட் மாட்டிய கார், பிடுங்கிய கார், வெளியே நின்றவனுக்கு இரண்டும் ஒன்றே. அடக்கமான, நல்ல வளர்ப்புள்ள, எந்த வீட்டுப் பிள்ளை என்று சொல்ல முடியாத ஒரு சத்தம். மாமா உயிரோடு இருந்திருந்தால் "யாரோ வருகிறார்கள்" என்றிருப்பார்.

சத்தத்துக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். சைலன்சரை அறுத்துவிட்டு இரவு பதினொரு மணிக்கு லயத்தை ஒட்டிய வீதியில் பறக்கும் பையன்களை எனக்கும் ஆகாது. ஐந்து மணிக்கு எழுந்து மலைக்குப் போக வேண்டிய பெண்ணின் தூக்கத்தை அது தின்கிறது. அறுத்த சைலன்சரோடு என்னிடம் வந்தால் வேறு கராஜைக் காட்டி அனுப்புகிறேன். ஐரோப்பாவில் சாதாரணக் கார்களின் வெளிச்சத்தத்துக்கு 2016 முதல் படிப்படியாக 72, 70, 68 டெசிபல் என்று வரம்பு இறங்கி வருவதும் தெரியும். ஆனால் தப்பு மேளம் அடிப்பவர் மெதுவாக அடித்தாலும் அவர் கை தெரியும். குரலை உயர்த்தச் சொல்லவில்லை, அடையாளத்தை வெளியிலும் கொஞ்சம் விடுங்கள் என்கிறேன்.

ரசிகர் முணுமுணுப்பைக் கேட்டுத் திருத்தியதற்கு முன்மாதிரி உங்களிடமே இருக்கிறது. 2000இல் இம்ப்ரெசாவுக்கு உருண்டைக் கண் வைத்தீர்கள், எங்கள் பையன்கள் தவளை என்றார்கள், உலகமும் ஏறத்தாழ அதையே சொன்னது, இரண்டே ஆண்டில் முகத்தை மாற்றினீர்கள். போர்ஷேக்காரர்களும் 2016இல் தங்கள் 718 என்ற காரில் ஆறு சிலிண்டரை எடுத்துவிட்டு டர்போவோடு நான்கைப் பொருத்தினார்கள். குரல் போய்விட்டதென்று திட்டு வாங்கி, 2019இலிருந்து சில மாதிரிகளுக்காவது ஆறைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். (எனக்குத் தவளைக் கண் பிடித்திருந்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். யாரும் கேட்கவில்லை.)

அடுத்த 86ஐச் சோதிக்கும்போது ஒலிவாங்கியை ஓட்டுநரின் தலைமாட்டில் மட்டும் வைக்காதீர்கள். இன்னொன்றைச் சோதனைத் தடத்தின் மேட்டில், வண்டி கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தரையோடு தரையாக வையுங்கள். அதில் பதிவாவதைக் காரின் பெயர் சொல்லாமல் நாலு பேருக்குப் போட்டுக் காட்டுங்கள். ஜப்பானில் அப்படி ஒரு மேடு கிடைக்காவிட்டால் ஏப்ரலில் இங்கே வாருங்கள். மாமா குந்தியிருந்த கரையில் இப்போது செடிகளைக் கவ்வாத்து வெட்டியிருக்கிறார்கள், உட்கார இடம் தாராளமாக இருக்கிறது. குடை கொண்டு வாருங்கள், அட்டைக்கு உப்பு நான் தருகிறேன்.

இப்படிக்கு,
நானுஓயாவிலிருந்து ஒரு வயரிங்காரன்