இரண்டாம் ஆண்டின் ஜூன் மாதச் சம்பளம்: ஜப்பானுக்குப் பொறியாளர்களை அனுப்பும் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரியீர்,

வணக்கம். சென்னையிலும் கோயம்புத்தூரிலும் நேர்காணல் நடத்தி மென்பொருள் பொறியாளர்களை ஜப்பானுக்கு அனுப்பும் நிறுவனங்களின் மனிதவளத் துறையினருக்கு இம்மடலை எழுதுகிறேன். 2018 ஏப்ரலில் அப்படி டோக்கியோவுக்கு வந்தவன் நான். விசா, விமானச்சீட்டு, முதல் மாதம் தங்குவதற்கான அறை, துவரம்பருப்பு கிடைக்கும் கடை என்று எல்லாவற்றையும் அக்கறையோடு சொல்லிக்கொடுத்து அனுப்பியவர்கள், 'ஜூமின்ஸே' (உள்ளூர்க் குடியிருப்பு வரி) என்ற ஒரு சொல்லை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்கள். எனக்குப் பின்னால் வந்த தம்பி தங்கைகளிடம் கேட்டுப் பார்த்ததில், இன்றும் பலரிடம் அது சொல்லப்படுவதில்லை என்று தெரிகிறது.

2019 ஜூன் மாதச் சம்பளச் சீட்டில், அதுவரை வெறும் கோடாக இருந்த ஒரு கட்டத்தில் ஏறத்தாழ 13,300 யென் பிடித்தம் காட்டப்பட்டிருந்தது. சம்பளம் ஏறவில்லை, விடுப்பும் எடுக்கவில்லை. கணக்குப் பிரிவில் யாரோ தவறு செய்துவிட்டார்கள் என்று எண்ணி ஒரு மின்னஞ்சல் அனுப்பினேன். "இது உள்ளூர்க் குடியிருப்பு வரி, சரியாகத்தான் இருக்கிறது" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. அடுத்த ஆண்டு ஜூனில் அதே கட்டம் 20,000 யென்னைத் தொட்டது. அப்போதுதான் உட்கார்ந்து முறையாகப் படித்தேன்.

படித்தபின் புரிந்தது இவ்வளவுதான். வருமான வரி மாதாமாதம் அந்தந்தச் சம்பளத்திலேயே பிடிக்கப்படுகிறது. ஜூமின்ஸே அப்படியல்ல. முந்தைய ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை ஈட்டிய வருமானத்தைக் கணக்கிட்டு, இந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி யார் எந்த ஊரில் குடியிருந்தாரோ அந்த ஊர் விதிக்கும் வரி அது. ஜூனில் தொடங்கி மறு ஆண்டு மே வரை 12 தவணைகளில் சம்பளத்திலிருந்து பிடிக்கப்படும். கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் பொதுவாக 10 விழுக்காடு. டோக்கியோவின் 23 வட்டங்களில் (தனித்தனி நகராட்சிபோல் இயங்கும் பகுதிகள்) அந்தப் பத்தில் 6 விழுக்காடு வட்டத்துக்கும் 4 விழுக்காடு பெருநகர அரசுக்கும் போகிறது. அதற்குமேல் தலைக்கு ஒரு நிலையான தொகை உண்டு. 2024 முதல் வனச் சூழல் வரியையும் சேர்த்து அது பொதுவாக ஆண்டுக்கு 5,000 யென். ஆண்டுக்கு 50 லட்சம் யென் சம்பளம் பெறும், மணமாகாத ஒருவருக்கு எல்லாம் சேர்ந்து ஏறத்தாழ 2,40,000 யென் வரும். முதல் ஆண்டில் வந்திறங்கியவருக்கு முந்தைய ஆண்டு ஜப்பானிய வருமானம் ஏதும் இல்லாததால் வரியும் இல்லை. அதைச் சலுகை என்று நினைத்துவிடுகிறோம். உண்மையில் அது கணக்கு ஓராண்டு பின்தங்கி வருவதன் விளைவு.

இதை நாங்களே ஊகித்திருக்க வேண்டாமா என்று நீங்கள் கேட்கலாம். ஊரில் வேலை பார்த்தவருக்கு உள்ளாட்சி வரி என்றால் வீட்டு வரியும் தொழில் வரியும்தான் நினைவுக்கு வரும். தொழில் வரி ஆண்டுக்கு 2,500 ரூபாயைத் தாண்டக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 276ஆம் பிரிவே வரம்பு கட்டியிருக்கிறது. மாநகராட்சிக்கு அரையாண்டுக்கு ஒருமுறை ஆயிரத்துச் சொச்சம் ரூபாய் கட்டிப் பழகியவர், குடியிருக்கும் ஊர் கழிவுகள் போக மிஞ்சும் வருமானத்தில் பத்தில் ஒரு பங்கைக் கேட்கும் என்று கனவிலும் நினைக்கமாட்டார்.

ஆகவேதான் நேர்காணல் முடிந்ததும் நீங்கள் காட்டும் 'கைக்கு வரும் சம்பளம்' என்ற அட்டவணை எனக்கு உறுத்துகிறது. அதிலுள்ள தொகை பொய்யல்ல, ஆனால் அது முதல் ஆண்டுக்கு மட்டுமே பொருந்தும் தொகை. அந்த எண்ணை நம்பித்தான் ஒருவர் ஊரில் வீட்டுக் கடனுக்குத் தவணை நிர்ணயிக்கிறார், தங்கையின் கல்லூரிக் கட்டணத்தை ஏற்றுக்கொள்கிறார்.

வேலை மாறும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. பழைய நிறுவனம் பிடித்தத்தை நிறுத்திவிடும். புதிய நிறுவனம் தொடரும்படி ஏற்பாடு செய்யாவிட்டால், மீதி வரிக்கான சீட்டுகள் தபாலில் வீட்டுக்கு வரும். சம்பளச் சீட்டில் ஜூமின்ஸே என்று பார்த்துப் பழகிய நமக்கு, அந்த உறையின்மேல் 'குமின்ஸே, டோமின்ஸே' என்று வட்ட வரியும் பெருநகர வரியும் தனித்தனியே அச்சிடப்பட்டிருப்பதைப் பார்த்தால் இரண்டும் ஒன்றே என்று தோன்றாது. என் நண்பர் ஒருவர் அந்த உறையை விளம்பரம் என்று நினைத்து, பீட்சா கடைத் துண்டறிக்கைகளோடு காலணி அலமாரியின்மேல் வைத்திருந்தார். நினைவூட்டல் வந்தபின் பக்கத்து கன்வீனியன்ஸ் கடையில் கட்டினார். கெடு தேதி கடந்து 3 வாரம் ஆகியிருந்தது. நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்கையில், வேலை விசாவில் இருப்போர் பொதுவாகக் கடந்த 5 ஆண்டுகளின் குடியிருப்பு வரிச் சான்றுகளைக் காட்டவேண்டும். கட்டினால் மட்டும் போதாது, உரிய தேதிக்குள் கட்டியிருக்கவேண்டும். அந்த 3 வாரத்துக்காக அவர் இன்னும் காத்திருக்கிறார்.

பெற்றோரைச் சார்ந்தோராகக் காட்டி வரியைக் குறைத்துக்கொள்ளும் வழியும் அரைகுறையாகவே நம்மிடையே பரவியிருக்கிறது. 2023 முதல், வெளிநாட்டில் வாழும் 30 முதல் 69 வயது வரையிலான உறவினருக்கு இக்கழிவு பொதுவாக இல்லை. படிப்புக்காக ஜப்பானிலிருந்து வெளிநாடு சென்றவர், மாற்றுத்திறனாளி ஆகியோரை விட்டால், மற்ற உறவினருக்கு அதைப் பெற, அந்த உறவினரின் வாழ்க்கைச் செலவுக்காக அந்த ஆண்டில் 3,80,000 யென்னுக்குக் குறையாமல் அனுப்பியதற்குச் சான்று வேண்டும், அதுவும் ஆளுக்குத் தனித்தனியாக. அப்பாவின் வங்கிக் கணக்குக்கு மொத்தமாக அனுப்பிவிட்டு அம்மாவுக்கும் சேர்த்துத்தான் என்று சொன்னால் செல்லாது. நம் வீடுகளில் பணம் யார் பெயருக்குப் போகும் என்று உங்களுக்கும் தெரியும். இந்த ஒரு தகவலை முன்பே சொல்லியிருந்தால், அம்மா பெயரிலும் ஒரு கணக்குத் திறந்திருப்போம்.

திரும்பிப் போகும்போது நேர்வதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருகிறது. என்னோடு பணிபுரிந்த ஒருவரின் திட்டம் டிசம்பரில் முடிந்தது. புத்தாண்டு நெருக்கத்தில் பயணச்சீட்டு விலை அதிகம் என்று சொல்லி, அவரை அனுப்பிய நிறுவனம் ஜனவரி 6ஆம் தேதிக்குச் சீட்டு எடுத்தது. ஜனவரி 1 அன்று அவர் டோக்கியோவாசியாக இருந்ததால், முந்தைய ஆண்டு முழுவதற்குமான வரி அவர்மேல் விழுந்தது. அது தவிர, நடப்பு ஆண்டு வரியில் மே வரை மிச்சமிருந்த தவணைகள் கடைசிச் சம்பளத்தில் மொத்தமாகப் பிடிக்கப்பட்டன. டிசம்பர் முடியுமுன் ஊர் திரும்பியிருந்தால் புதிய ஆண்டின் வரி எழுந்தே இருக்காது. சீட்டில் நிறுவனம் மிச்சப்படுத்தியதைவிடப் பலமடங்கை அவர் கட்டவேண்டியதாயிற்று. ஜூனில் வரும் அறிவிப்பைப் பெற்றுக் கட்டுவதற்கு 'நோஸே கன்ரினின்' எனப்படும் வரிப் பொறுப்பாளர் ஒருவரை நியமித்துவிட்டுப் போகலாம் என்பதும் அவருக்குச் சொல்லப்படவில்லை. அறிவிப்பு காலியான அறைக்குப் போனது.

வரியைப் பற்றி எனக்குக் குறையில்லை. குப்பை எடுக்கும் வண்டியையும், என் மகள் படம் பார்த்துப் புரட்டும் நூலகத்தையும் அது நடத்துகிறது. குறை, தெரிந்தும் சொல்லாமல் விடும் உங்கள் வழக்கத்தின்மேல்தான்.

எனவே, சம்பள அட்டவணையில் முதல் ஆண்டுக்குப் பக்கத்தில் இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளுக்கும் கைக்கு வரும் தொகையை அச்சிடுங்கள். பணியில் சேர்வோருக்குத் தரும் கையேட்டில் இவ்வரியைப் பற்றி ஒரு பக்கம், தமிழிலேயே, சேருங்கள். வேலை மாறுவோருக்குப் பிடித்தத்தைத் தொடர்வதற்கான படிவத்தைக் கையில் கொடுத்து அனுப்புங்கள். டிசம்பரில் திட்டம் முடிகிறவர்களுக்கு, பயணத் தேதியை முடிவுசெய்யுமுன் ஜனவரி 1ஐப் பற்றிச் சொல்லிவிட்டு, அதன்பின் அவர்களையே தேதியைத் தேர்ந்தெடுக்க விடுங்கள். இந்த ஆண்டு டிசம்பரில் ஊர் திரும்பவிருக்கும் இருவரை எனக்குத் தெரியும். அவர்களுக்கு இன்னும் சீட்டு எடுக்கப்படவில்லை.

இப்படிக்கு,
டோக்கியோவில் வசிக்கும் தமிழ்ப் பொறியாளர் ஒருவர்