கரைப்பெயர்ப் பதிவுப் பணி முடிந்தது: உறுப்பினர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம். தேவிபட்டினத்தில் தொடங்கி மண்டபம், பாம்பன், தனுஷ்கோடி என்று சுற்றி ஏர்வாடி வரைக்கும் கரைப்பெயர்களை, அதாவது கரையோர இடங்களின் பெயர்களை, பதிந்து, பழைய வரைபடங்களோடு ஒத்துப்பார்க்கும் வேலை ஒருவழியாக முடிந்துவிட்டது.

ஒவ்வோர் இடத்துக்கும் ஊர்க்காரர் வாயில் வருவது முதலில், பேருந்துப் பலகையிலும் பட்டாவிலும் இருப்பது அடுத்து, வரைபடத்தில் அச்சானது அந்தப் படத்தின் ஆண்டோடு கடைசியில், எதையும் அடிக்கவில்லை. ஒரே எழுத்தை முடிவு பண்ணியிருக்கலாமே என்று சிலருக்கு வருத்தம், தெரியும். 2020 ஜூனில் 1018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி அரசாணை வந்து, ஆளாளுக்கு ஒன்று சொல்லி, சில நாளிலேயே அது திரும்பப் பெறப்பட்டதைப் பார்த்தோமே! ராம்நாட் என்று போட்ட படத்தைக் கையில் வைத்திருப்பவர் ராமநாதபுரத்துக்கு வந்து சேர வேண்டுமானால் ராம்நாடும் பட்டியலில் இருந்தாக வேண்டும்.

ரொம்பப் படுத்தியது கீழக்கரை. ஆங்கிலத்தில் முதலெழுத்துக்கு அடுத்து 'ஐ' போடுவதா, 'இ' இரண்டு போடுவதா என்பதிலேயே ஆளுக்கொரு வழக்கம், அப்புறம் ழகரத்துக்குச் சிலர் 'எல்', சிலர் 'இசட் ஹெச்', கரையில் பேச்சிலோ அது பெரும்பாலும் ளகரம்தான். ஆங்கிலப் படங்களில் ஹேர் ஐலண்ட் என்றிருப்பது நம் முசல்தீவு. தெரியாதவர்கள் இரண்டு தீவாக எண்ணிவிடக்கூடாது என்று ஒரே எண்ணில் சேர்த்துவிட்டோம்.

தனுஷ்கோடியில் 1964 டிசம்பர் புயலுக்குத் தப்பி நிற்கும் சர்ச், ரயிலடி இடிபாடுகளுக்குப் புள்ளி வைக்க முடிந்தது. தெருக்களுக்கு முடியவில்லை. ஒரே தெருவுக்குப் பெரியவர்கள் வேறு வேறு மணல்மேட்டைக் காட்டினார்கள். எல்லார் சொன்னதையும் எழுதி, புள்ளி போடாமல் விட்டிருக்கிறோம். பக்கத்துக் குடியிருப்புகளான கம்பிப்பாடு, பாலம் இரண்டிலும் ஆட்கள் இருக்கிறார்கள், அங்கே சிக்கலே இல்லை.

கடலுக்குள் இருக்கும் பார்களின் (பாறைத் திட்டுகளின்) பெயர்தான் இந்த வேலையின் பெரிய வரவு என்பது எங்கள் எண்ணம், எந்தப் பழைய படத்திலும் அவற்றில் பாதிகூட இல்லை. பெயரைச் சொன்ன நாட்டுப்படகுக்காரர்கள் இடத்தைச் சொல்ல மறுத்தார்கள். "இன்னைக்கு நீங்க புள்ளி வச்சா நாளைக்கு அங்க விசைப்படகு நிக்கும்" என்றார் ஒருவர். நியாயம்தானே, பெயர் மட்டும் பதிந்தோம்.

பணம் பெரும்பாலும் படங்களை ஸ்கேன் எடுக்கவும் வண்டி வாடகைக்கும் போனது. கணக்கு நோட்டு பொருளாளரிடம் இருக்கிறது, யாரும் பார்க்கலாம். திருத்தம் இருந்தால் தயவுசெய்து பட்டியலின் பிரதியிலேயே கிறுக்காதீர்கள். தனித்தாளில், எந்த ஊர், யார் சொல்லிக் கேட்டது என்பதையும் சேர்த்து எழுதிக் கொடுங்கள்.