‘மோபி டிக்’ மேடையேறக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள நண்பர்களே,

ஹெர்மன் மெல்வில் 1851இல் வெளியிட்ட ‘மோபி டிக்’ நாவலில் 135 அத்தியாயங்கள், பின்னுரை வேறு. அதை இரண்டு மணி நேரத் தமிழ் நாடகமாக்கப் போகிறேன் என்றபோது சிரிக்காமல், “சரி, ஒத்திகை யார் வீட்டில்?” என்று கேட்ட எல்லோருக்கும் இந்த மடல்.

முதல் நன்றி, என் பிரதியில் இரக்கமே இல்லாமல் சிவப்பு மை ஓட்டிய அக்காவுக்கு. திமிங்கில வகைகளை மெல்வில் அடுக்கிக்கொண்டே போகும் 32ஆம் அத்தியாயத்தை, “இதைப் படிக்கலாம் தம்பி, நடிக்க முடியாது” என்று ஒரே கோடாக அடித்துவிட்டார். ஆனால் 94ஆம் அத்தியாயத்தில் என்னைக் கைவைக்க விடவில்லை. திமிங்கிலத் தலையிலிருந்து எடுத்த எண்ணெய் ஆறிக் கட்டிகட்டியாகிவிடும். மாலுமிகள் தொட்டியைச் சுற்றி உட்கார்ந்து அதைப் பிசைந்து கரைக்கிறார்கள். பிசைகிற வேகத்தில் ஒருவர் கையை இன்னொருவர் பிடித்து அமுக்க, தன் காலைப் பறித்த வெள்ளைத் திமிங்கிலத்தைத் துரத்தும் கப்பல் தலைவன் ஆகாபுக்குக் கொடுத்த பழிவாங்கும் சத்தியமே, கதைசொல்லும் மாலுமி இஸ்மவேலுக்கு மறந்துபோகிறது. என்னைக் கேட்டால் நாடகத்தின் உயிர் அந்தக் காட்சிதான். தொட்டியில் எதைப் போடுவது என்று திணறியபோது, மாசசூசெட்ஸ் குளிரில் பாட்டிலுக்குள்ளேயே உறைந்து கிடந்த தேங்காய் எண்ணெயைக் கொண்டுவந்து நீட்டிய மாமியை என்ன சொல்லிப் பாராட்ட! நடிகர்கள் கையில் அது நிஜமாகவே உருகியது. கடைசி வரிசை வரை மணந்ததாம்.

அமெரிக்க நடிகரும் இயக்குநருமான ஆர்சன் வெல்ஸ் 1955இல் லண்டனில் இந்தக் கதையைப் போட்டபோது, ஒரு நாடகக் குழு ஒத்திகை பார்ப்பதாக வைத்து, கப்பலையும் கடலையும் பார்ப்பவர்களின் கற்பனைக்கே விட்டார். அந்தத் தைரியத்தில் நாங்களும் திமிங்கிலத்தைக் காட்டவில்லை. அது அடியாழத்திலிருந்து ஏறி வருவதைத் தவிலிலேயே கேட்கவைத்த தம்பிக்கு ஒரு பெரிய கும்பிடு.

நியூ பெட்ஃபோர்ட் திமிங்கில அருங்காட்சியகத்தில் ‘லகோடா’ என்ற திமிங்கில வேட்டைக் கப்பலின் பாதி அளவு மாதிரி இருக்கிறது. எங்கள் குழுவை அதில் ஏற்றி, திமிங்கிலத்தின் மேல் எறியும் ஈட்டியில் கட்டிய கயிறு படகுக்குள் ஆட்களுக்கு நடுவே எப்படி ஓடும் என்று பொறுமையாக விளக்கினார் ஒரு தன்னார்வலர். கடைசியில் ஆகாபின் கழுத்தில் சுற்றுவது அந்தக் கயிறுதானே. அவருக்குத் தமிழ் தெரியாது, தனியாக எழுதுகிறேன்.

அப்புறம், இரவல் வாங்கிய ஏணிகளும் போர்வைகளும் எங்கள் வீட்டு கராஜில் இருக்கின்றன. சனிக்கிழமை காலை வந்து எடுத்துக்கொள்ளுங்கள். காபி உண்டு.