கீரைக்காரம்மாவுக்கு ஒரு நன்றி மடல்

எங்கள் தெருவில் இருக்கும் அனைவருக்கும்,

2021 மே மாதத்தில், கொரோனா அலையில் எங்கள் வீட்டில் நடந்தது உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி எழுத எனக்குத் திராணி இல்லை. அந்த நாட்களில் கதவோரம் சோறு வைத்துவிட்டுப் போனவர்களுக்கும், தினமும் படியேறி வந்து காய்ச்சல் பார்த்த மாநகராட்சிப் பிள்ளைகளுக்கும், தடுப்பூசிக்குப் பதிவு செய்யும் கோவின் இணையதளத்தில் எங்களுக்கு இடம் பிடித்துக் கொடுத்த கீழ்வீட்டுத் தம்பிக்கும், சிங்கப்பூரிலிருந்து வர முடியாத என் மகனின் இடத்தில் மயானத்தில் நின்ற நால்வருக்கும் என் நன்றி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுத உட்கார்ந்தால் எழுதி முடிக்க மாட்டேன்.

இன்று நான் எழுத வந்தது நம் தெருவுக்கு வண்டி தள்ளி வரும் கீரைக்காரம்மாவைப் பற்றி.

ஏப்ரலில் நானும் என் கணவரும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து முதல் ஊசி போட்டுக்கொண்டோம். 84 நாள் கழித்து ஜூலையில் இரண்டாவது ஊசிக்கு நான் மட்டும் போனேன். இரண்டு வாரம் ஆனதும், “இனி வெளியே போய் வா, அம்மா” என்றான் மகன். ஊரடங்கு ஊருக்குத்தான் தளர்ந்திருந்தது. முகக்கவசம் போட்டுக்கொண்டு கடைசிப் படிவரை இறங்குவேன். தெருவில் யாராவது இருமினால் திரும்பி ஏறிவிடுவேன். பால் பாக்கெட்டைச் சோப்பு போட்டுக் கழுவுவதைக்கூட நிறுத்த முடியவில்லை.

16 மாதமாக மாடியிலிருந்து வயர் கூடையைக் கயிற்றில் இறக்கித்தான் கீரை வாங்கினேன். ஆகஸ்டில் ஒரு காலை, கூடையை இறக்கினேன். அந்த அம்மா அதைத் தொடவில்லை. “அரைக்கீரை நன்றாக இருக்கிறதா என்று நீங்களே வந்து பாருங்கள் அம்மா, நான் தள்ளி நிற்கிறேன்” என்று சொல்லிவிட்டு எதிர்ச்சுவர் வரை நகர்ந்து நின்றார். எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் இறங்கினேன். மறுநாள் வண்டி பக்கத்து வீட்டு வாசலில் நின்றது. அதற்கடுத்த நாள் வேப்பமரத்தடியில். “ஏன் இவ்வளவு தூரத்தில் நிறுத்துகிறீர்கள்?” என்று கேட்டேன். “அங்கே வெயில்” என்றார். காலை ஏழு மணிக்கு என்ன வெயில்! நாலைந்து நாளில் பிள்ளையார் கோயில் முனைக்கு வந்துவிட்டேன். அவர் எதற்காக இப்படிச் செய்கிறார் என்று அங்கே நிற்கும்போதுதான் புரிந்தது. கீரைக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஆறுதல் என்று எதுவும் சொல்லாமல், நான் அழுது முடிக்கும்வரை கீரைக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

முனையிலிருந்து பஸ் நிறுத்தம் நாற்பது அடி. போன வாரம் 29சி ஏறி மயிலாப்பூரில் இருக்கும் என் அக்காவைப் பார்த்துவிட்டு வந்தேன். பெண்களுக்குக் கட்டணமில்லாத வெள்ளைப் பலகை பஸ்ஸில் அதுதான் என் முதல் பயணம். அக்காவும் நானும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதுவும் பேசத் தோன்றவில்லை.

திரும்பி வந்து கீரைக்காரம்மாவிடம் சொன்னபோது, “நீங்கள் ஊசி போட்டாயிற்றா?” என்றும் கேட்டேன். இல்லையாம். காலையில் வரிசையில் நின்றால் அன்றைய கீரை வாடிவிடும். மறுநாள் காய்ச்சல் வந்தால் அந்த நாளும் போய்விடும். 16 மாதம் என் கூடையை நிரப்பியவரிடம் இந்தக் கேள்வியை இவ்வளவு தாமதமாகக் கேட்டது எனக்குப் பெரிய வெட்கம்.

வருகிற ஞாயிறு, செப்டம்பர் 12, தமிழ்நாடு முழுவதும் தடுப்பூசி முகாம் நடக்கிறது. கீழ்வீட்டுத் தம்பி அவரை அழைத்துப் போவதாகச் சொல்லியிருக்கிறான். அவர் திரும்பும்வரை வண்டியை நான் பார்த்துக்கொள்கிறேன். அடுத்த நாள் அவருக்கு உடம்பு முடியாவிட்டால் அன்றைக்கும் நானே நிற்பேன். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஞாயிறு காலை ஏழு மணிக்குப் பிள்ளையார் கோயில் முனையில் இருப்பேன். அரைக்கீரை, சிறுகீரை, மணத்தக்காளி மூன்றும் இருக்கும். எனக்கு வியாபாரம் தெரியாது. தயவுசெய்து சில்லறையோடு வாருங்கள்.

உங்கள்,
மாடி வீட்டு டீச்சர்
பெரம்பூர், சென்னை