வேலூர் பக்கம் பக்கவாதத்துக்குத் தெரப்பி தரும் சென்டர்காரர்களுக்கு

வணக்கம். வேலூர், காட்பாடி, குடியாத்தம் என்று தெருவுக்குத் தெரு திறந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன், யார் பெயரையும் இழுக்கப் போவதில்லை.

"மூளை தன்னைத் தானே மாற்றிக்கொள்ளும், விடாமல் பயிற்சி செய்தால் கை வந்துவிடும்" என்கிறீர்கள். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதியை நம்பித்தான் பக்கவாதம் வந்த எங்கள் அத்தை மனசு விட்டுப் போனார். வருஷக்கணக்காகப் பீடி சுற்றிய கை அது. இப்போது இறுக்கி மூடிக்கொள்கிறது, தானாகத் திறக்காது. நகம் வெட்டவே நாங்கள் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டும். அந்தக் கையை வைத்துக்கொண்டு, உங்களில் ஒருவர் நல்ல கையைப் பயன்படுத்த விடாமல் அதற்கு உறை மாட்டிவிட்டு, முடங்கிய கையால் டம்ளரை எடு, எடு என்றார். பேக்கேஜ் முடிந்ததும் "பேஷண்ட் கோஆப்பரேட் பண்ணல" என்று அனுப்பிவிட்டார்.

சார், அதே சிகிச்சையை அமெரிக்காவில் 222 பேரிடம் சோதித்து 2006இல் முடிவு வெளியிட்டார்களே, அதில் சேரவே மணிக்கட்டும் விரல்களும் குறைந்தது 10 டிகிரியாவது தானாக விரிய வேண்டும் என்று வைத்திருந்தார்கள். அத்தைக்கு அது இல்லை. மூளையிலிருந்து கைக்கு உத்தரவு இறங்கும் நரம்பிழைகள் உள்ளே ஆழத்தில் ஓரிடத்தில் நெருக்கமாகச் சேர்ந்து போகின்றன, அங்கே சின்ன அடைப்பு வந்தாலும் கையின் அசைவு மொத்தமாகப் போய்விடலாம். மேல்பரப்பில் அதைவிடப் பெரிய அடைப்பு வந்தவருக்குக்கூட மிச்சமிருக்கும் பகுதிகள் அந்த வேலையை ஓரளவு எடுத்துக்கொள்ளும். ஸ்ட்ரோக் வந்த எங்கள் தெரு அண்ணன் ஒருவர் மறுபடி வண்டி ஓட்டுகிறார், சரி, ஆனால் அவருக்கு முதல் வாரத்திலேயே விரல் லேசாக நீண்டது. முதல் 3 நாளில் தோளைப் பக்கவாட்டில் தூக்க முடிகிறதா, விரலை நீட்ட முடிகிறதா என்று பார்த்தே கை எவ்வளவு தேறும் என்று நியூசிலாந்தில் கணிக்கிறார்கள். மூளையின் உத்தரவு கைக்கு வந்து சேர்கிறதா என்று பார்க்கும் மெஷின்கூட இதற்கு எல்லாருக்கும் தேவைப்படுவதில்லை.

அப்புறம் கை தேறுவதில் வயசு, தூக்கம், மனச்சோர்வு எல்லாவற்றுக்கும் பங்கு இருக்கிறது. ஸ்ட்ரோக் வந்தவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. நீங்கள் "பேஷண்ட் ஒத்துழைக்கவில்லை" என்று எழுதுவதில் பாதி அதுவாக இருக்கலாம், இது என் ஊகம். பயிற்சியை எவ்வளவு சீக்கிரம், எவ்வளவு அதிகம் கொடுத்தாலும் நல்லது என்பதும் இல்லை. ஸ்ட்ரோக் வந்த 24 மணி நேரத்துக்குள் எழுப்பி அடிக்கடி நடமாட வைத்தவர்கள் வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களைவிடக் குறைவாகவே தேறினார்கள் என்று 2015இல் வந்த பெரிய ஆய்வு சொன்னது.

சி.எம்.சி. மருத்துவமனை டாக்டர் மேரி வர்கீஸ் சக்கர நாற்காலியில் இருந்தபடியே 1966இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் தொடங்கிய ஊர் இது. இங்கே இருந்துகொண்டு பணம் வாங்குவதற்கு முன்னால் விரலைப் பார்க்க மாட்டோம் என்றால் எப்படி? பார்த்துவிட்டு, என்ன வரும், என்ன வராது என்று தமிழில் எழுதிக் கொடுங்கள். வராது என்றால் இடது கையால் சாப்பிட, ஜாக்கெட் போட, தனியாகக் குளிக்கக் கற்றுக்கொடுங்கள். அதற்கும் காசு கொடுக்கிறோம்.