மழலையர் பிரிவுப் பெற்றோருக்குப் பருவ இறுதிக் கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இன்னொரு பருவம் முடிந்துவிட்டது. விளையாட்டு விழா நல்லபடியாக நடந்தது. ஓட்டப் பந்தயத்தில் பாதிப் பேர் எதிர்த்திசையில் ஓடினாலும் எல்லாருக்கும் பதக்கம் கிடைத்தது. ஓவியக் கண்காட்சிக்கு வந்தவர்களுக்கும், படப் புத்தகங்கள் தந்து உதவியவர்களுக்கும் நன்றி. புதிய சறுக்குமரம் வந்து இறங்கிவிட்டது. கழிவறைப் பழக்கத்தில் பெரும்பாலான குழந்தைகள் நன்கு முன்னேறியிருக்கிறார்கள். தண்ணீர்ப் புட்டியில் பெயர் எழுதி அனுப்பும்படி ஆசிரியைகள் மறுபடியும் நினைவூட்டச் சொன்னார்கள்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பேச்சு வரத் தாமதமாகும் குழந்தைகளைப் பற்றித்தான்.

சில நாள்களுக்கு முன் பள்ளி விடும் நேரத்தில் வாயிலருகே நின்றிருந்தேன். இரண்டு வயது தாண்டிய ஒரு பையன் ஓடி வந்தான். கையில் ஒரு காய்ந்த இலை. காலையில் மணல்தொட்டியருகே கிடைத்தது. தூங்கும்போதுகூட அதை விடவில்லை என்று ஆசிரியை சொன்னார். அழைத்துப்போக வந்தவரிடம் இலையை உயர்த்திக் காட்டி "ஆ... ஆ!" என்றான். வந்தவர் அன்பானவர்தான். சிரித்தார், இலையை வாங்கிக் கீழே போட்டார், அழுதுவிடப்போகிறானே என்று போனை எடுத்து அவன் கையில் கொடுத்தார். அவன் அழவில்லை. அதற்குப் பிறகு வாயையும் திறக்கவில்லை. அன்றைக்கு அவன் வீட்டாரிடம் சொல்ல வைத்திருந்தது அந்த ஒரு சேதிதான்.

யார் வீட்டுப் பிள்ளை என்று தேட வேண்டாம். அடையாளம் தெரியாதபடிதான் எழுதியிருக்கிறேன். அந்தப் பத்து நிமிடத்தில் ஏழு சின்னக் கைகளில் போன் ஏறியதை எண்ணினேன். அதனால் இந்தக் கடிதம் எல்லாருக்கும்தான்.

இந்தப் பருவத்துப் பெற்றோர் சந்திப்புகளில் நான் அதிகம் கேட்டது இதைத்தான்: "இன்னும் பேச்சு வரலை மிஸ், ஸ்கூல்ல சேர்த்தா தானா வந்துடும்னு சொன்னாங்க." பள்ளி உதவும், மறுக்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். மழலையர் வகுப்பில் 12 குழந்தைகள், மூன்று மணி நேரம். ஆசிரியை வேறு ஒரு வேலையும் செய்யாமல் பேசிக்கொண்டே இருந்தாலும் ஒரு குழந்தையின் பங்குக்குக் கால் மணி நேரம் வரும். மூக்கு துடைப்பதும் செருப்பு மாட்டிவிடுவதும் அதிலேயே அடக்கம். மற்றக் குழந்தைகளைப் பார்த்துப் பேசிவிடுவான் என்பதும் பாதிதான் உண்மை. இந்த வயதில் ஒருவரைப் பார்த்து ஒருவர் பேசக் கற்பதைவிடக் கடிக்கத்தான் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள்.

எந்த வயதில் எவ்வளவு பேச வேண்டும் என்று பலர் கேட்டீர்கள். முதல் பிறந்தநாளை ஒட்டி முதல் சொல் வரும். ஒன்றரை வயதில், அம்மா அப்பா போக, மூன்று நான்கு சொற்களாவது எதிர்பார்க்கலாம். இரண்டு வயதில் "அம்மா வா", "பந்து தா" என்று இரண்டு சொற்களைச் சேர்க்க வேண்டும். கைவசம் சுமார் 50 சொற்கள் இருக்கும். சுத்தமாக உச்சரித்தால்தான் சொல் என்று நினைக்காதீர்கள். காகத்தைப் பார்க்கும்போதெல்லாம் "கா" என்றால் அது சொல்தான். வீட்டில் இரண்டு மொழி புழங்கினால் இரண்டையும் சேர்த்தே எண்ணுங்கள். இரண்டு மொழி கேட்பதால் பேச்சுத் தாமதம் வருவதில்லை. யாரோ சொன்னார்கள் என்று, பாட்டி பேரனிடம் பேசும் மொழியை ஒரு குடும்பம் நிறுத்தியே விட்டது. பாவம், பாட்டியும் பேரனும் இரண்டு பேருமே ஊமையானார்கள்.

சொற்களின் எண்ணிக்கையைவிட நான் கவனிப்பது வேறு. குழந்தை விரல் நீட்டிக் காட்டுகிறதா? பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா? "செருப்பை எடுத்துட்டு வா" என்றால் புரிகிறதா? இவை இருந்து பேச்சு மட்டும் பின்தங்கினால் ஓரளவு நிம்மதி. இவையும் இல்லையென்றால் தள்ளிப்போடக் கூடாது.

எதற்கும் முன்னால் காது. "கதவு சாத்தினா திரும்புறான், பாட்டு போட்டா ஓடி வர்றான், காதெல்லாம் நல்லாத்தான் கேக்குது" என்பார்கள். அது சான்று ஆகாது. சளி பிடித்த பிறகு செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கி நிற்பது சிறு குழந்தைகளிடம் சகஜம். வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது. தண்ணீருக்குள் தலையை முக்கிக்கொண்டு, வெளியே நிற்பவர் பேசுவதைக் கேட்டுப்பாருங்கள். அப்படித்தான் அந்தக் குழந்தைக்குக் கேட்கும். கதவுச் சத்தம் விழும், "தா", "பா" வித்தியாசம் விழாது. பிறந்தபோது எடுத்த பரிசோதனையில் தேறியிருந்தாலும், பிறகு வந்த குறையை அது காட்டாது.

இங்கே கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செவித்திறன் பரிசோதனை செய்யும்படி மூன்று குடும்பங்களுக்கு இரண்டு முறை எழுதினோம். இன்னும் யாரும் போகவில்லை. "அவங்க அப்பாவும் மூணு வயசுலதான் பேசினார்" என்று பதில் வருகிறது. இருக்கலாம். தாமதமாகப் பேசத் தொடங்கும் குழந்தைகளில் பலர் பிறகு எட்டிப்பிடித்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. யார் எட்டிப்பிடிப்பார், யாருக்கு உதவி தேவைப்படும் என்பதை முன்கூட்டியே உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஆண் குழந்தை என்றால் தாமதமாகத்தான் பேசும் என்பதும் காத்திருக்க ஒரு காரணம் இல்லை. அடுத்த பருவம் தொடங்குமுன் போய்வாருங்கள். பேசிக்கொண்டிருந்த குழந்தை இருந்த சொற்களை இழந்தால் அதுவரைகூடப் பொறுக்க வேண்டாம். அந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள்.

இன்னும் இரண்டு. அடுத்த பருவத்திலிருந்து பள்ளி வாயிலுக்குள் குழந்தை கையில் போன் கொடுக்கக் கூடாது. இது வேண்டுகோள் இல்லை, விதி. அடுத்தது, குழந்தையை வைத்துக்கொண்டே "இவன் பேச மாட்டான் மிஸ்" என்று சொல்லாதீர்கள். பேச வராத குழந்தைக்கும் அது புரியும்.

வீட்டில் என்ன செய்வது என்பதை எழுதாமல் கண்டித்துவிட்டுப் போவது நியாயமில்லை. ஆகவே கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் எங்கள் தவறு. ஒரு நாள் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து எண்ணிப்பார்த்தேன். பத்து நிமிடத்தில் ஒரே குழந்தையிடம் "இது என்ன? இது என்ன கலர்? மாடு எப்படிக் கத்தும்?" என்று முப்பதுக்கு மேல் கேள்விகள். குழந்தை ஒன்றுக்கும் பதில் சொல்லவில்லை. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன். நானும் என் இரண்டாவது பிள்ளையை, வருகிறவர்கள் முன்னால் எல்லாம் நிறுத்தி "சொல்லு, மாமாவுக்குச் சொல்லு" என்று படுத்தியவள்தான். பரீட்சை வைத்தால் பேச்சு வராது. அவன் எதைப் பார்க்கிறானோ அதை நீங்கள் சொல்லுங்கள். "பந்து. பந்து உருளுது. போச்சு!" அவ்வளவுதான். தரையில் உட்கார்ந்து, உங்கள் முகமும் வாயும் அவன் கண்ணுக்கு நேரே தெரியும்படி சொல்லுங்கள்.

சொல்லிவிட்டு நிறுத்துங்கள். இதுதான் எல்லாருக்கும் கஷ்டம். நாம் ஒன்றிரண்டு விநாடிகூடப் பொறுப்பதில்லை. அதற்குள் நாமே பதிலையும் சொல்லிவிடுவோம். மனத்துக்குள் பத்து வரை எண்ணுங்கள். குழந்தைக்கு அந்த நேரம் வேண்டும். தெரிந்த பாட்டைப் பாடிக்கொண்டே போய்க் கடைசிச் சொல்லுக்கு முன்னால் சும்மா நில்லுங்கள். அவன் உங்கள் வாயையே பார்ப்பான். நாலு நாள் ஒன்றும் வராமல், ஐந்தாம் நாள் ஒரு சத்தம் வரும்.

எல்லாவற்றையும் கேட்குமுன் எடுத்துக் கொடுத்துவிடும் வீட்டில் பேசத் தேவையே எழாது. பிடித்த பொம்மையை உள்ளே தெரிகிற டப்பாவில் போட்டு மூடியை இறுக்கி வையுங்கள். திறக்க முடியாமல் உங்களிடம் கொண்டுவந்து நீட்டுவான். அந்த நீட்டலே ஒரு பேச்சு. "திற" என்று சொல்லித் திறந்து கொடுங்கள். மறுபடி மூடுங்கள். பத்தாவது தடவை "தி" என்று வந்தால் அதுவும் "திற"தான், உடனே திறக்க வேண்டும். சொன்னால்தான் தருவேன் என்று அழவிடாதீர்கள். அப்புறம் டப்பாவைக் கண்டாலே ஓடுவான்.

ஒரு சொல் வந்தால் அதோடு ஒன்றைச் சேர்த்துத் திருப்பிக் கொடுங்கள். "கார்" என்றால் "சிவப்புக் கார்". "மயம்" என்றால், "மயம் இல்லை, ம-ர-ம்" என்று திருத்தாமல், "ஆமா, மரம். பெரிய மரம்" என்றால் போதும். "ர", "ழ" எல்லாம் கடைசியில் வந்து சேரும் ஒலிகள். "ழ" நம்மில் பல பெரியவர்களுக்கே இன்னும் வந்து சேரவில்லை.

இதற்கெல்லாம் தனியாக நேரம் ஒதுக்க வேண்டாம். குளியலறையில், சட்டை மாட்டும்போது, படியேறும்போது செய்தால் போதும். ஒரு கையை நீட்டச் சொல்லி "கை... கை எங்கே? வந்துடுச்சு!" என்று தினமும் சட்டை மாட்டிய ஒரு தந்தை, "கை" என்ற சொல் வந்த அன்று வாயிலில் நின்றபடி என்னிடம் மூன்று முறை அதைச் சொல்லிக் காட்டினார்.

திரையைப் பற்றி. உலக சுகாதார நிறுவனத்தின் 2019ஆம் ஆண்டு வழிகாட்டுதல், ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம் என்கிறது. இரண்டு வயதில் அதிகபட்சம் ஒரு மணி நேரம், அதிலும் குறைந்தால் நல்லது. யாரும் பார்க்காமல் சும்மா ஓடும் டிவியும் கணக்கில் வரும். குழந்தைகளின் உடையில் சிறு ஒலிப்பதிவுக் கருவி வைத்து நடத்திய ஆய்வு ஒன்று 2009இல் வெளியானது. டிவி ஓடிய ஒவ்வொரு மணி நேரத்துக்கும், பெரியவர்களிடமிருந்து குழந்தை கேட்ட சொற்கள் சுமார் 770 குறைந்திருந்தன. டிவி பேசினால் நாம் பேசுவதில்லை, அதுதான் காரணம். தாத்தாவோடு வீடியோ காலில் பேசுவது வேறு. அங்கே எதிரில் ஒருவர் இருந்து பதில் சொல்கிறார்.

போன் கொடுத்ததால்தான் உங்கள் பிள்ளைக்குப் பேச்சு வரவில்லை என்று நான் சொல்லவில்லை. போனையே பார்க்காத குழந்தைக்கும் பேச்சு தாமதமாகலாம். அது உங்கள் வளர்ப்பின் குறையும் இல்லை. பல வீடுகளில் இருவரும் வேலைக்குப் போய்க் களைத்து வருகிறீர்கள். அழுகிற குழந்தையோடு வீடு போய்ச் சேர்வது எவ்வளவு பெரிய பாடு என்பது எனக்கும் தெரியும். பேச்சுப் பயிற்சியாளரிடம் வாரந்தோறும் அழைத்துப்போய், அவர் சொன்னதை எங்களுக்கும் ஒரு தாளில் எழுதித் தருகிற பெற்றோர் இருக்கிறார்கள். அந்தத் தாள்கள் வகுப்பறையில் உண்மையிலேயே பயன்படுகின்றன. கடினமான விஷயத்தை முகம் கோணாமல் கேட்டுக்கொண்ட எல்லாருக்கும் என் நன்றி.

அடுத்த பருவத்தின் முதல் சனிக்கிழமை காலை, பேச்சு குறித்துத் தனியாகப் பேச விரும்புவோருக்காக நானும் ஆசிரியைகளும் பள்ளியில் இருப்போம். பாட்டி தாத்தாக்களும் வரலாம். செவித்திறன் அறிக்கை இருந்தால் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை

பின்குறிப்பு: பெயர் எழுதாத நான்கு தண்ணீர்ப் புட்டிகள் அலுவலகத்தில் இருக்கின்றன. கூடவே யாரோ விட்டுச்சென்ற இடதுகால் செருப்பு ஒன்றும்.